தண்ணீரில் ஓடும் கார்: அந்த ஃபார்வர்டு தவறு

"ஒரு குடம் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் 360 கிலோமீட்டர் ஓடும் ஃபோர்டு கார்!" தண்டையார்பேட்டை, வியாசர்பாடி ஆட்டோ குரூப்புகளில் இரண்டு நாளாக இது சுற்றுகிறது. லாரித் தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் நமக்கு இதைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் உண்மை அதுவல்ல.

அது 2007 ஜனவரியில் அமெரிக்காவில் காட்டிய ஃபோர்டு எட்ஜ் ஹைசீரிஸ் என்ற மாதிரி கார். கடைக்கு வந்ததே இல்லை. முதல் 40 கிலோமீட்டர் லித்தியம் பேட்டரியில் ஓடும். அதன்பின் ஃப்யூயல் செல், டேங்க்கில் அடைத்த ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து மின்சாரம் தயாரித்து பேட்டரிக்குக் கொடுக்கும். 360 என்ற கணக்கு இரண்டும் சேர்ந்தது. தண்ணீர், புகைக்குழாய் வழியாக வெளியே வருவது. உள்ளே ஊற்றுவது அல்ல!

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம்தான். அதற்குச் செலவாகும் மின்சாரம், திரும்பக் கிடைப்பதைவிட அதிகம். பிளஸ் 2 வேதியியல் புத்தகத்தில் மின்வேதியியல் பாடத்தைப் புரட்டினால் ஃப்யூயல் செல் பற்றி இருக்கிறது. காரின் விவரம் ஃபோர்டின் 2007 அறிவிப்பில் இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 2025 ஜூலையில் சோதித்த ரயில் பெட்டியும் ஹைட்ரஜனில் ஓடுவதுதான், தண்ணீரில் அல்ல.

சிலர் இதை நம்பி பெட்ரோல் டேங்க்கில் தண்ணீர் கலந்து பார்க்கலாம், இன்ஜின் போய்விடும். தயவுசெய்து அனுப்புவதை நிறுத்துங்கள். அனுப்பிவிட்டவர்கள் அதே குரூப்பில் இதையும் போடுங்கள்.