ஒமிக்ரோனும் தடுப்பூசியும்: ஒரு திருத்தம்

அண்ணா, கொவிட் வைரசின் ஒமிக்ரோன் திரிபைப் பற்றி, "ஒமிக்ரோன் பிறபொருளெதிரிகளிடமிருந்து தப்பிவிடுகிறது, ஆகவே ஊசி போட்டதும் முன்பு தொற்று வந்ததும் வீண்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. பிறபொருளெதிரிகள் என்பவை வைரசில் ஒட்டி அதைத் தடுக்க உடல் உருவாக்கும் புரதங்கள். ஒமிக்ரோனின் கூர்ப்புரதத்தில் (வைரசின் மேற்பரப்பில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம்) 30இற்கும் மேற்பட்ட மாற்றங்கள்; பழைய பிறபொருளெதிரிகள் பல அதில் சரியாக ஒட்டுவதில்லை, அதனால் மறுபடி தொற்று வரலாம். ஆனால் நம் உடலின் டி கலங்கள் (ஒரு வகை வெண்குருதிக் கலங்கள்) வைரசின் பல துண்டுகளை அடையாளம் காண்பவை, அவற்றில் பெரும்பாலானவை மாறவில்லை. கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு கூடுதலாக நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரித்தானிய சுகாதாரப் பாதுகாப்பு முகவரகத்தின் 2022 தொடக்கத் தடுப்பூசிக் கண்காணிப்பு அறிக்கைகளைத் திறந்து பாருங்கள். அறிகுறியுள்ள தொற்றுக்கும் வைத்தியசாலை அனுமதிக்கும் எதிராகத் தடுப்பூசி தரும் பாதுகாப்பின் எண்கள் தனித்தனியாக இருக்கும். வெள்ளவத்தையில் வயதான அம்மா அப்பாவோடு இருக்கும் எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியம்.