மில்லே மில்யாவைக் கொன்றது ஒரு டயர் அல்ல

இத்தாலியின் பொதுச் சாலைகளில் நடந்த மில்லே மில்யா கார் பந்தயத்தின் கறுப்பு வெள்ளைப் படங்கள் கார் ஆர்வலர்களின் பக்கங்களில் ஓயாமல் பகிரப்படுகின்றன. கல் வீடுகளுக்கு நடுவே சீறி வரும் திறந்த கார், அதிலிருந்து ஓர் எட்டு தள்ளி நின்று கையசைக்கும் ஊர் மக்கள், மதிற்சுவரின் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் சிறுவர்கள் என்று எல்லாப் படங்களிலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். 1957-இல் ஒரு காரின் டயர் வெடித்து உயிர்கள் போனதோடு அந்தப் பந்தயம் நின்றுபோனது. அந்த ஒரு டயர் மட்டும் வெடிக்காமல் இருந்திருந்தால் பந்தயம் இன்றும் நடந்துகொண்டிருக்கும் என்ற பெருமூச்சும் அவற்றின் கீழே தவறாமல் வந்துவிடும். அந்தப் படங்களை விரும்பிப் பார்ப்பவன்தான் நானும். ஆனால் அந்தப் பெருமூச்சில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தப் பந்தயம் பிறந்ததே ஓர் ஊரின் மனத்தாங்கலில்தான். முதல் இத்தாலிய கிராண்ட் பிரீ கார் பந்தயம் 1921-இல் பிரேஷா நகரத்துக்கு அருகில் நடந்தது. மறு ஆண்டே அது மோன்சாவில் புதிதாகக் கட்டப்பட்ட ஓடுதளத்துக்குப் போய்விட்டது. கையிலிருந்த பெருமை பறிபோனதைப் பொறுக்காத ஆய்மோ மாஜ்ஜி, பிராங்கோ மத்சோட்டி, ரென்சோ கஸ்தாஞெட்டோ, பத்திரிகையாளர் ஜியோவானி கனெஸ்ட்ரினி ஆகிய நால்வரும், ஓடுதளம் இல்லாவிட்டால் என்ன, நாட்டின் சாலைகளே ஓடுதளமாகட்டும் என்று முடிவெடுத்தார்கள். பிரேஷாவில் புறப்பட்டு ரோம் வரை சென்று திரும்பும் அந்த வழி ஏறத்தாழ 1600 கிலோமீட்டர்; அதாவது ஏறத்தாழ ஆயிரம் மைல் என்பதால் அதுவே பெயராகவும் அமைந்தது. 1927 மார்ச்சில் நடந்த முதல் பந்தயத்தில் பிரேஷாவிலேயே தயாரான ஓ.எம். கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. வென்ற மினோயா, மொராந்தி இணைக்கு 21 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்பட்டது. சராசரி வேகம் மணிக்கு 77 கிலோமீட்டர். என் வாதம் முழுவதும் இந்த எண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது.

மூன்றே ஆண்டுகளில், 1930-இல், தாசியோ நுவோலாரி சராசரி வேகத்தை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனார். இருட்டில் முகப்பு விளக்குகளை அணைத்துவிட்டுப் போட்டியாளர் அகிலே வார்சியைப் பின்தொடர்ந்த நுவோலாரி, வார்சி எதிர்பாராத நேரத்தில் அவரை முந்திச் சென்றார் என்ற புகழ்பெற்ற கதை இந்த ஆண்டுக்குரியது. (வார்சிக்குச் சற்று நேரம் கழித்துப் புறப்பட்டவர் என்பதால் நேரக் கணக்கில் நுவோலாரி ஏற்கெனவே முன்னிலையில்தான் இருந்தார். ஆனாலும் சாலையில் முந்தினால்தான் மனம் ஆறும் போலிருக்கிறது.)

1938-இல் போலோன்யாவில் ஒரு லான்சியா கார் சாலையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். முசோலினியின் அரசு பந்தயத்தைத் தடை செய்தது. 1939-இல் பந்தயம் நடக்கவில்லை. 1940-இல் அது திரும்பி வந்தபோது பிரேஷா, கிரெமோனா, மான்டுவா ஆகிய ஊர்களை இணைக்கும் மூடப்பட்ட முக்கோண வழியில் ஒன்பது சுற்றுகளாக நடந்தது, வென்ற பி.எம்.டபிள்யூ. காரின் சராசரி வேகம் மணிக்கு 166 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆபத்து எங்கே இருக்கிறது என்பது 1957-க்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. போக்குவரத்தை மூடிய வழியில் பந்தயம் நடத்த முடியும் என்பதும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும், போர் முடிந்து 1947-இல் பந்தயம் மீண்டும் தொடங்கியபோது, ஊர்களின் நடுவே போகும் நெடுவழிக்கே அமைப்பாளர்கள் திரும்பினார்கள். பெருமூச்சு விடுபவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1955-ஐப் பற்றிப் பேசாமல் இருக்க என்னாலும் முடியாது. கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும். புறப்படும் நேரமே காரின் எண். காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்ட ஸ்டிர்லிங் மாஸின் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். காரில் 722 என்று எழுதியிருந்தது அதனால்தான். அருகில் உட்கார்ந்திருந்தவர் தாடி வைத்த ஆங்கிலேயப் பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன். முன்கூட்டியே வழி முழுவதையும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் குறித்து, ஐந்து மீட்டருக்கும் நீளமான ஒரு தாள்சுருளாக்கி, அதை ஒரு பெட்டிக்குள் வைத்துச் சுற்றிச் சுற்றிப் படித்தபடியே வந்தார். இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் எல்லாமே கைச் சைகைதான். கண்ணுக்குத் தெரியாத மேட்டின் அப்பால் சாலை நேராகப் போகிறது என்று ஒரு கை சொல்ல, அதை நம்பி மாஸ் வேகத்தைக் குறைக்காமல் பறந்தார். 10 மணி நேரம் 7 நிமிடம் 48 விநாடியில் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். தனியாக ஓட்டிய ஃபான்ஜியோ அரை மணி நேரத்துக்கும் பின்னால் இரண்டாவதாக வந்தார். இந்தச் சாதனை அதற்குப் பின் முறியடிக்கப்படவே இல்லை.

மனித உழைப்பும் துணிவும் இவ்வளவு அழகாக இணைந்த வேறொரு பந்தயநாளை நான் அறியேன். ஆனால் 77 என்பது 28 ஆண்டுகளில் 157 ஆகிவிட்டது. கார் இரண்டு மடங்கு வேகம் கண்டபோது, அதே தெருவும் அதே வளைவும் இருந்தன; மதிற்சுவரின் மேல் உட்கார்ந்திருந்த சிறுவனுக்கு விலகிக்கொள்ளக் கிடைக்கும் நேரம் மட்டும் பாதியாகிவிட்டது. மாஸ் வென்ற ஆறே வாரங்களில், அதே ரகத்தைச் சேர்ந்த இன்னொரு 300 எஸ்.எல்.ஆர். பிரான்சின் லே மான் பந்தயத்தில் பார்வையாளர்கள் நடுவே சிதறி 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து ஓடுதளப் பந்தயங்களையே தடை செய்தது. மில்லே மில்யா அதற்குப் பிறகும் இரண்டு முறை நடந்தது.

இரண்டாவது முறை, 1957 மே 12 அன்று, முடிவுக்கோடு தொலைவில் இல்லாத நிலையில், குயிடிட்சோலோ என்ற ஊருக்கு அருகே ஒரு நேர்சாலையில் அல்ஃபோன்சோ டி போர்ட்டாகோவின் ஃபெராரி காரில் டயர் வெடித்தது. அவரும் உடன் வந்த எட்மண்ட் நெல்சனும், சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் மாண்டார்கள். அந்த ஒன்பது பேரில் ஐவர் குழந்தைகள். காரைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவர் என்ஸோ ஃபெராரி மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, 1961-இல் அவர் விடுவிக்கப்பட்டார். வழக்கு முழுக்க டயரைச் சுற்றியே ஓடியதுதான் இன்றைய பெருமூச்சுக்கும் காரணம் என்று நினைக்கிறேன். டயர் எந்தப் பந்தயத்திலும் வெடிக்கும். அது வெடிக்கும் இடத்தில் குழந்தைகள் ஏன் நின்றார்கள் என்பதற்கு ஒரு டயர் பதில் சொல்ல முடியாது.

மக்களே விரும்பித்தானே வந்தார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், அனுமதிச் சீட்டு இல்லாமல் வீட்டு வாசலிலேயே உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்களைப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது. ஆனால் அந்த 1957 பந்தயத்தை வென்றவரின் சொல்லுக்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன். ஐம்பது வயதான பியரோ தாருஃபி பல ஆண்டுகள் முயன்று முதன்முறையாக மில்லே மில்யாவை வென்றார். அத்துடன் பந்தயத்திலிருந்து விலகினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க இதழ் ஒன்றில், எங்களைப் போன்ற ஓட்டுநர்கள் மீண்டும் உயிர்களைப் பறிக்கும் முன் எங்களைத் தடுத்து நிறுத்துங்கள் என்ற பொருள்பட எழுதினார்.

1977 முதல் அதே பெயரில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று நடந்து வருகிறது. அதில் முந்தி வருபவருக்கு வெற்றி இல்லை. குறித்த தூரத்தைக் குறித்த விநாடியில் கடப்பவருக்கே மதிப்பெண். இதைப் பல்லில்லாத பந்தயம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால், ஏதாவது ஓர் ஊரின் மதிற்சுவரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து அதைப் பார்க்கவே நான் விரும்புவேன்.