ஆனைக்கொம்பன் ஈ ஐஆர் 8 விதையோடு வந்ததா?

"நெற்பயிரைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈ நம் நாட்டுப் பூச்சியே இல்லை, 1966-ல் ஐஆர் 8 ரக நெல் விதையோடு வந்தது" என்று டெல்டா விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த ஜேம்ஸ் வுட்-மேசன் 1889-லேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். கும்பிடுபூச்சிகளில் தோய்ந்திருந்த மனிதர், இந்தச் சின்ன ஈயையும் விடவில்லை!

ஐஆர் 8 இந்த ஈயைத் தாங்காத ரகம் என்றால் சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் விதைநெல்லில் இது வராது. முட்டை இலையில், புழு குருத்துக்குள் இறங்கித் தின்னும். அந்தத் தூர் (பயிரின் அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) கதிர் விடாது, வெங்காயத்தாள் போல வெளிறிய குழலாகிவிடும். ஈ வெளியேறிய குழலை உருவிப் பாருங்கள்: நுனியில் சின்ன ஓட்டை, அதில் கூட்டுப்புழு கழற்றிய தோல் நீட்டிக்கொண்டிருக்கும்.