நேரம் தவறியது யார்?
எத்தியோப்பியாவில் தன்னார்வலர்கள் படும் வேடிக்கையான பாடுகளுக்கு அந்த ஊர்க்காரர்கள் நேரம் தவறுவதே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் பார்த்தது நேர்மாறு. அங்கே கடிகாரக் கணக்கு விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் உதிக்கும் நேரம் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாது, கணக்கும் பிசகாது. அந்நாட்டின் பஹிர் தார் நகரில் என்னோடு பாடம் நடத்திய ஜெர்மன்காரர், 2 மணிக் கூட்டத்துக்கு மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தார். அதுவோ காலை 8 மணிக்கு டாணென்று தொடங்கி முடிந்திருந்தது! காவலாளி அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அவரை உட்கார வைத்து, கரி அடுப்பில் பச்சைக் காபிக்கொட்டையை வறுத்து, இடித்து, மண் ஜாடியில் கொதிக்கவிட்டு, அங்கே வழக்கமான மூன்று சுற்றுக் காபியும் குடித்த பிறகே எழ விட்டார். நேரம் தவறியவர் வெளியூர்க்காரர். பழி மட்டும் ஏன் உள்ளூர்க்காரர்கள் மேல்?