மிஸ் மார்பிளை வயதானவராகவே இருக்க விடுங்கள்

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டோடு இருந்த இரண்டு மாதங்களில், அகதா கிறிஸ்டி கதைகளில் வரும் துப்பறியும் பாட்டி மிஸ் மார்பிளாக ஜோன் ஹிக்சன் நடித்த தொலைக்காட்சிப் படங்கள் பன்னிரண்டையும் இருவரும் சேர்ந்து பார்த்து முடித்தோம். 1984 டிசம்பர் முதல் 1992 டிசம்பர் வரை பிபிசியில் வந்தவை. அம்மாவுக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டே வருவேன். மூன்றாவது படம் வந்தபோது நான் சொல்ல வேண்டியது குறைந்துவிட்டது. நான் வசனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ யார் யாருக்குத் தேநீர் ஊற்றுகிறார்கள், யார் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தம்மா கண்ணைப் பாரேன், கை பின்னிக்கிட்டே இருக்கு, கண்ணு ஊசி பக்கமே போகல" என்றார். ஹிக்சனின் நடிப்பைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த வகைக்கு கோஸி மிஸ்டரி என்று பெயர். கொலை நடக்கும், ஆனால் ரத்தத்தைக் காட்டிப் பயமுறுத்த மாட்டார்கள். சின்ன ஊர், ஒருவரையொருவர் தெரிந்த மனிதர்கள். கண்டுபிடிப்பவர் போலீஸ்காரர் இல்லை, அந்த ஊரிலேயே வேறு வேலையோ வேறு வாழ்க்கையோ உள்ள ஒருவர். லேசான சரக்கு, மதியத் தூக்கத்துக்கு முன்னால் பார்ப்பது என்று என் நண்பர்களில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. வயதான ஒரு பெண் கவனித்துத் தெரிந்துகொண்டதை அறிவு என்று முழு மனதோடு ஒப்புக்கொள்ளும் கதைகள் திரையில் வெகு குறைவு. இந்த வகையின் நல்ல படங்கள் அதைச் செய்கின்றன. நம் மாத நாவல்களில் துப்பறிய வந்தவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள், போலீஸ்காரர்கள், துடிப்பான இளைஞர்கள். பாட்டிகள் பொதுவாகச் சாட்சி சொல்ல மட்டும்தான் வருவார்கள்.

ரயில் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனின் பாடிங்டன் ஸ்டேஷனில் 4.50க்குக் கிளம்பும் ரயிலில் எல்ஸ்பெத் மெக்கில்லிகடி என்ற வயதான அம்மாள் போய்க்கொண்டிருக்கிறார். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் சேர்ந்தாற்போல் ஓடுகிறது. அதன் ஜன்னலில் ஓர் ஆள் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதைப் பார்த்துவிடுகிறார். டிக்கெட் பரிசோதகர் நம்பவில்லை. போலீஸ் தேடிப் பார்க்கிறது, பிணம் இல்லை. அதோடு விட்டுவிடுகிறார்கள். மிஸ் மார்பிள் மட்டும் நம்புகிறார். ஏன்? தன் தோழிக்குக் கற்பனை செய்யத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். பார்த்தேன் என்று சொன்னால் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். பிறகு அதே ரயிலில் தானே போய், பிணத்தை எங்கே தள்ளியிருக்க முடியும் என்று பார்க்கிறார். ஓடியாடித் தேட உடம்பு ஒத்துழைக்காது என்பதால், லூசி என்ற கெட்டிக்காரப் பெண்ணைத் தண்டவாளத்தை ஒட்டிய பெரிய வீட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார். எனக்கு இந்தக் கதையில் கொலையைவிட முக்கியமாகப் படுவது அந்த நம்பிக்கைதான். ஒரு வயதான பெண் சொன்னதை இன்னொரு வயதான பெண் நம்புகிறார், கதை முழுவதும் அதன்மேல் நிற்கிறது.

1961இல் இதே கதையை மார்கரெட் ரதர்ஃபோர்டை வைத்துத் திரைப்படமாக எடுத்தார்கள். அதில் தோழியே கிடையாது. கொலையை மார்பிளே நேரில் பார்த்துவிடுகிறார், வேலைக்காரியாகவும் அவரே போய்ச் சேர்கிறார். விறுவிறுப்பு கூடியது என்னவோ உண்மை. ஆனால் நம்புவதற்கு ஆள் இருக்கிறாரா என்ற கேள்வி காணாமல் போய்விட்டது. அந்தப் படத்தில் மிஸஸ் கிடர் என்ற வேலைக்காரம்மாவாக ஒரு சிறிய வேடத்தில் வந்தவர் யார் தெரியுமா? ஜோன் ஹிக்சன். 26 வருடம் கழித்து 1987இல் அதே கதையில் அவரே மார்பிள். அதற்கும் முன்பே, 1940களில் மேடையில் அவரைப் பார்த்த அகதா கிறிஸ்டி, ஒருநாள் நீங்கள் என் மிஸ் மார்பிளாக நடிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அப்போது ஹிக்சனுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். வேடம் கைக்கு வந்தபோது 78. கடைசிப் படம் வந்தபோது 86.

நூலகத்தில் கிடந்த பிணம் பற்றிய கதையில் துப்பு என்னவென்றால், இறந்த பெண்ணின் கடித்த நகங்கள். அப்புறம் அவள் போட்டிருந்த பழைய உடை. நடன விடுதியில் வேலை பார்க்கும் பெண் நகத்தை அப்படி வைத்துக்கொள்வாளா? ஒருவரைச் சந்திக்கப் போகிறவள் இருப்பதிலேயே நல்ல உடையை விட்டுவிட்டுப் பழையதைப் போடுவாளா? போலீஸ் அதிகாரிகள் பிணத்தைப் பார்க்கிறார்கள், மார்பிள் பெண்ணைப் பார்க்கிறார். இதற்குமேல் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.

என் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நடந்தது இது. வீடு பார்த்துவிட்டு வந்ததும் அம்மா, "பூஜை அறையில குத்துவிளக்கு சின்னது, தரையில எண்ணெய்க் கறை வட்டம் பெருசா இருக்கு" என்றார். பல வருடம் அங்கே நின்ற பெரிய விளக்கு சமீபத்தில்தான் போயிருக்கிறது, விளக்கையே கொடுக்கிற அளவுக்குக் கை நெருக்கடி, கொஞ்சம் விசாரியுங்கள் என்றார். உனக்கு எதிலும் சந்தேகம்தான் என்று அடக்கிவிட்டார்கள். கல்யாணம் முடிந்து ஆறு மாதத்தில் அந்த வீடே அடமானத்தில் இருப்பது தெரியவந்தது. அன்று அம்மாவை அடக்கியவர்களில் நானும் இருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. மார்பிள் பேசத் தொடங்கும்போது இன்ஸ்பெக்டர்கள் முகத்தைச் சுளிக்கும் காட்சிகளில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கிறிஸ்டி தன் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். எல்லாரிடமும் எல்லாவற்றிலும் மோசமானதையே எதிர்பார்ப்பாராம், பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடுமாம். மார்பிள் உருவானதில் அந்தப் பாட்டிக்குப் பங்குண்டு. இந்தப் பெண் அந்தக் காலத்தில் என் வீட்டில் வேலை செய்தவளைப் போல, இந்த ஆள் எங்கள் ஊரில் இருந்த இன்னாரைப் போல என்று ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் மார்பிள் கொலையாளியிடம் போய்ச் சேர்கிறார். அறுபது வருடம் ஒரே ஊரில் மனிதர்களைப் பார்த்ததில் வந்த அறிவு அது. இதை வம்பு என்று சொல்கிறவர்கள் வம்புக்கும் கவனிப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்.

அதனால்தான் 2004இல் ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனல் தொடங்கிய புதிய மார்பிள் வரிசைமேல் எனக்குக் கோபம். ஜெரால்டின் மெக்யூவன் நல்ல நடிகை, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மார்பிளுக்கு இளமையில் திருமணமான ஒருவரோடு காதல் இருந்ததாகப் புதிதாக ஒரு முன்கதையை ஒட்டினார்கள். எதற்கு? கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு பெண்ணுக்கு மனிதர்களைப் பற்றி இவ்வளவு தெரிய வேண்டுமானால் பின்னால் ஒரு ஆண் இருந்திருக்க வேண்டுமா? நூலகக் கதையில் கொலையாளியையே மாற்றிவிட்டார்கள். மார்பிளே இல்லாத கதைகளிலும் அவரைக் கொண்டுபோய்ச் செருகினார்கள்.

அமெரிக்காவின் ஹால்மார்க் சேனல் படங்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் துப்பறிகிறவர்கள் பேக்கரி நடத்தும் ஹானா, நூலகர் அரோரா டீகார்டன். களைத்துப்போன மாலைகளில் அவை இதமாகத்தான் இருக்கின்றன. ஹானாவுக்கு ஒருபக்கம் போலீஸ்காரர், இன்னொருபக்கம் பல் மருத்துவர். யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்பதில் பாதிப் படம் போய்விடும். பேக்கரியில் நின்று ஊரையே பார்க்கிறவளுக்குத் தெரிந்திருக்கக்கூடிய விஷயங்கள் எத்தனை! அதைத் தொடாமல், கடைசியில் கொலையாளியிடம் தனியாக மாட்டவைத்து முடித்துவிடுகிறார்கள்.

வயதானவரை வயதானவராகவே மதித்த அமெரிக்கத் தொடரும் ஒன்று உண்டு. ஏஞ்சலா லான்ஸ்பரி ஜெசிகா ஃபிளெட்சராக நடித்த 'மர்டர், ஷி ரோட்', 264 பாகங்கள். ஜெசிகா கணவரை இழந்த முன்னாள் ஆங்கில ஆசிரியை. லான்ஸ்பரி இந்த வேடத்துக்காக 12 முறை எம்மி என்ற தொலைக்காட்சி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. பழைய நடிகர்களைத் தேடித்தேடி வேடம் கொடுத்தார்கள். மேட்லின் ரூ என்ற நடிகை நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்து, நடிகர் சங்க மருத்துவக் காப்பீட்டை இழக்கும் நிலையில் இருந்தபோது, அதே நாற்காலியில் உட்கார்ந்த நூலகராக அவருக்கு ஒரு பாத்திரத்தை உருவாக்கினார் லான்ஸ்பரி. அப்படிப்பட்ட தொடரை, 11 வருடம் ஞாயிறு இரவில் நின்று ஓடியதை, 1995இல் வியாழக்கிழமைக்குத் தூக்கி இளைஞர்கள் பார்க்கும் பெரிய நகைச்சுவைத் தொடருக்கு எதிரில் வைத்தார்கள். அடுத்த வருடமே முடிந்தது. இளம் ரசிகர்கள் வேண்டுமாம். ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டிருந்த வயதானவர்கள் ரசிகர் கணக்கில் வரவில்லை.

அம்மா இப்போது நன்றாக நடக்கிறார். நேற்று இரவு ரயில் கதையை மூன்றாவது முறையாகப் போடச் சொன்னார். பரிசோதகர் வரும் காட்சியில் நிறுத்தச் சொல்லி, அவர் முகத்தைக் காட்டி, "பாரு, கிழவி கனவு கண்டிருப்பான்னு நினைக்கிறான்" என்றார். சரி, இப்ப ஓட்டு என்று மறுபடி சாய்ந்துகொண்டார்.