பின்னல் நெருக்கமானால் பாதுகாப்பா?
வங்கிகளுக்குள் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு பின்னிக் கிடக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு, நஷ்டம் பல தலைகளில் பிரிந்துவிடும் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. பொருளாதார அறிஞர் டேரன் அசெமோக்லுவும் அவரோடு இன்னும் இருவரும் சேர்ந்து 2015-இல் எழுதிய ஆய்வு மீதிப் பாதியைச் சொல்கிறது: அடி சிறியதாக இருக்கும்வரை நெருக்கமான பின்னல் தாங்கும், ஓர் அளவைத் தாண்டினால் அதே பின்னல்தான் நஷ்டத்தை வீடு வீடாகக் கொண்டுபோகும். 2018-இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடன் தவணை தவறியபோது நான் அனுபவித்தது இது. அவசரத்துக்கு என்று லிக்விட் ஃபண்டில், அதாவது நிறுவனங்களின் குறுகிய காலக் கடன்பத்திரங்களை வாங்கும் மியூச்சுவல் ஃபண்டில், போட்டு வைத்த பணம். அந்த நிறுவனத்தின் பெயரைக்கூட அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் என்ஏவி (ஃபண்டின் ஒரு யூனிட்டின் மதிப்பு) முந்தைய நாளைவிடக் கீழே! ஆப்தான் ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்று இரண்டு தடவை மூடித் திறந்தேன். கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர், "கடனே கொடுக்காதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்டிருக்கிறார். சரி, அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்ததே? ஒரு மியூச்சுவல் ஃபண்ட் அதன் கடன்பத்திரத்தை மலிவாக விற்றது என்ற செய்தி பரவியதுதான் அன்றைய பீதிக்குத் தீனி. யார் யாருக்குக் கடன் கொடுத்தார் என்ற பேரேட்டை மட்டும் வைத்து வரைகிற பின்னல் படத்தில் அந்தப் பயத்துக்கான கோடு எங்கே வரும்?