நாம் கேட்கும் பாட்டுக்குக் கணக்கு எங்கே?

டிசம்பர் வந்தால் போதும், முகநூல் முழுக்கப் பாட்டுச் செயலிகள் தரும் வண்ண வண்ண அட்டைகள். "இந்த வருஷம் நான் அதிகம் கேட்டது இவர் பாட்டுதான்." போடட்டும், யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் செயலிக்குள் கேட்டது மட்டும்தான் அந்த அட்டைக்குத் தெரியும். கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிச் சேர்த்த சிடிக்களை எம்பி3 ஆக்கி, வீட்டிலேயே சர்வர் வைத்துக் கேட்கிற என்னைப் போன்றவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

செந்தூலில் என் வீட்டுப் பழைய மடிக்கணினியில் ஓடுவது ஜெல்லிஃபின் என்ற சர்வர் மென்பொருள். எம்பி (Emby) என்ற மென்பொருள் 2018-ல் தன் மூலநிரலைப் பூட்டிக்கொண்டபோது அதிலிருந்து பிரிந்து வந்த, நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூலத் திட்டம் இது. காசு கிடையாது. இதில், கேட்கும் பாட்டுக்குக் கணக்கு வைக்கும் லிசன்பிரெய்ன்ஸ் தளத்துக்கான பிளக்இன் (துணை நிரல்) ஒன்றைச் சேர்த்து, அந்தத் தளத்தில் உள்ள உங்கள் கணக்கின் டோக்கனை, அதாவது ரகசியக் குறியீட்டை, ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. பாட்டு பாதி ஓடினாலோ, நான்கு நிமிடம் ஓடினாலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது "இதைக் கேட்டார்" என்று இணையத்தில் ஒரு வரி பதிவாகும். நேவிட்ரோம் என்ற இன்னொரு பாட்டு சர்வரை வைத்திருப்பவர்களுக்குப் பிளக்இன்கூட வேண்டாம், வசதி உள்ளேயே இருக்கிறது.

இதே மாதிரி கேட்ட பாட்டைப் பதிவு செய்யும் லாஸ்ட்.எஃப்எம் தளம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். இந்தப் பழக்கத்தைப் பரப்பியதே அவர்கள்தான், மறுக்கவில்லை. 2007-ல் சிபிஎஸ் நிறுவனம் 28 கோடி டாலருக்கு அதை வாங்கியது. கோடிக்கணக்கானவர்கள் சும்மா பாட்டுக் கேட்டதில் சேர்ந்த தகவலுக்கும் அந்த விலையில் பங்கு உண்டு. லிசன்பிரெய்ன்ஸை நடத்துவது மெட்டாபிரெய்ன்ஸ் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு. அங்கே சேரும் தரவை எவரும் இறக்கிப் பயன்படுத்தலாம். நான் கேட்டதை யாராவது பயன்படுத்தத்தான் போகிறார்கள் என்றால், எல்லாரும் பயன்படுத்தட்டுமே.

சரி, தமிழ்ப் பாட்டுக்கு வருவோம். இங்கேதான் தலைவலி. ஒரு கோப்பில் கலைஞர் பெயராக இசையமைப்பாளர் இருப்பார், அடுத்ததில் பாடகர். இளையராஜா பெயரையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். விளைவு, ஒரே மனிதர் என் பட்டியலில் நாலு பேராக நிற்கிறார். பாட்டு, கலைஞர் விவரங்களைத் தொகுக்கும் மெட்டாபிரெய்ன்ஸின் இன்னொரு தளமான மியூசிக்பிரெய்ன்ஸில் ஒரு கலைஞருக்கு ஒரே அடையாள எண், மற்ற எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் அதன்கீழ் மாற்றுப் பெயர்கள். பாட்டுக் கோப்புகளில் விவரங்களை எழுதும் பிக்கார்டு மென்பொருளால் அந்த எண்ணை ஏற்றிவிட்டால் நாலு பேரும் ஒருவராகிவிடுவார்கள். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டுக்கு இதைச் செய்ய ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

நம்மூர் மலேசியப் பாட்டுக்கு யார் செய்வது? யோகி பி, நட்சத்ரா மாதிரிப் பேர் பெற்றவர்களுக்குக் கவலையில்லை. கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் பாடி, சொந்தக் காசில் ஒரே ஒரு சிடி போட்டு, அதோடு நின்றுபோனவர்கள்? அந்த சிடி உங்கள் அலமாரியில் இருக்கலாம். மியூசிக்பிரெய்ன்ஸில் கணக்கு திறந்து அட்டையில் உள்ள விவரங்களைப் பார்த்து நீங்களே பதிவு செய்யலாம், யார் அனுமதியும் வேண்டாம். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் அது ஓடும் ஒவ்வொரு முறையும் அவர் பெயரில் ஒரு எண்ணிக்கை கூடும். உள்ளூர்க் கலைஞர்களை ஆதரிக்க வேண்டும் என்று மேடையில் முழங்குவதைவிட இது எனக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. லிசன்பிரெய்ன்ஸில் பதிவாவது எல்லாம் பொதுவில் இருக்கும், நேரத்தோடு. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருந்தீர்களா, வேலை நேரத்தில் என்ன ஓடியது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் கணக்குக்குச் சொந்தப் பெயரை வைக்காதீர்கள். வீட்டில் ஆளுக்கொரு பயனர் கணக்கும் வையுங்கள், இல்லாவிட்டால் அம்மா விடியற்காலையில் கேட்கும் முருகன் பாட்டெல்லாம் உங்கள் தலையில் விழும். என் அம்மாவுக்குத் தனிக் கணக்கு உண்டு, டோக்கன் போடவில்லை. கேட்டேன். "நான் என்ன கேக்குறேன்னு ஊருக்கு எதுக்குடா?" என்றார்.